சிவப்புத் துணி கட்டிய நாய்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில், நூல் சுற்றும் பகுதியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா, கணவர், கொழுந்தன் எல்லோருமே மில் ஆட்கள்தான். மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் பெரிது. எனக்கு அதோடு வாயும் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மில் வாசலில் ஒரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக யாரோ கொண்டுவந்து விட்டதாம். நான் வேலைக்குச் சேரும்போதே அது வளர்ந்த நாய். நான் சொல்லும் சமயத்தில் அதற்குப் பத்து வயதுக்கு மேலே இருக்கும். மூக்கைச் சுற்றி நன்றாக நரைத்துவிட்டது. ஷிஃப்ட் மாறுவதற்குச் சங்கு ஊதும் முன்பே அதற்குத் தெரிந்துவிடும். எழுந்து உடம்பை உதறிக்கொண்டு கேட் ஓரமாக வந்து நிற்கும். உள்ளே போகிற ஒவ்வொருவருடைய சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் விடும். மோந்து பார்க்காமல் விட்டால் எங்களுக்கே ஏதோ குறையாக இருக்கும்.

எங்கள் மில்லில் மூன்று ஷிஃப்ட். காலை ஷிஃப்ட்காரர்களுக்கு அது மணி. மாலை ஷிஃப்ட்டுக்கு டைகர். ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். தூக்கம் தாங்காமல் யாராவது வெளியே வந்து மூலையில் சாய்ந்தால், அது போய் முகத்தை நக்கி எழுப்பிவிடுமாம். கேட் வாட்ச்மேன் மட்டும் மிசே என்று, அதாவது பிரெஞ்சில் ஐயா என்று, கூப்பிடுவார். அவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் போலீஸில் சிப்பாயாக இருந்தவர். வயசானவர், மீசை முழுக்க வெள்ளை. மரியாதை கொடுக்க வேண்டிய யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் மிசேதான் வரும். அந்த மரியாதையை நாய்க்கும் கொடுத்திருந்தார்.

நான்கு பெயர் இருந்ததே தவிர, அது யாருடைய நாய் என்று கேட்டால் பதில் கிடையாது. எல்லோருடையதும்தான். காலையில் எங்கள் ஷிஃப்ட்டில் இட்லி, மாலையில் அவர்கள் மிச்சம் வைக்கிற மீன் சோறு, ராத்திரியில் டீயோடு வாங்குகிற பொறை ரொட்டி. ராஜ வாழ்க்கை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். கொஞ்ச நாளாகவே மணி என் இட்லியைத் தொடவில்லை. மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் நன்றாகப் போட்டிருப்பார்கள், வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது, மாலை ஷிஃப்ட்டில் இருந்த பிட்டர் ஒருவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பழுதான மெஷினைச் சரிபார்க்கிற ஆள் அவர். கையில் ஒரு துண்டு வறுத்த மீன். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உங்க ஷிஃப்ட்டுல இன்னாதான் போடுறீங்க? நாங்க வர்றதுக்குள்ள வயிறு ரொம்பிடுது," என்றார் என்னைப் பார்த்து.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் ராத்திரி ஷிஃப்ட் போட்டது என்று நினைத்திருக்கிறோம், இவர்கள் நாங்கள் போட்டது என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் சீக்கிரமே போய், வெளியே வந்த ராத்திரி ஷிஃப்ட்காரர்களைக் கேட்டேன். மாலை ஷிஃப்ட்டில் மீன் தின்ற நாய்க்குப் பொறை எங்கே இறங்கும் என்று அவர்கள் சிரித்தார்கள். ஆக, அந்த நாய் ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்பது இவ்வளவு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதுகில் கை வைத்துப் பார்த்தேன். ரோமத்துக்குக் கீழே எலும்புதான் கைக்குத் தட்டியது.

"கெழட்டு நாய்ம்மா. போற காலம் வந்துட்சி, விடு," என்றார் எங்கள் பகுதி மேஸ்திரி.

விடு என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கே பர்மிஷன் போட்டுவிட்டு, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரிக்‌ஷாக்காரர் முதலில் நாயை ஏற்ற மாட்டேன் என்றார். நான் பேசிய பேச்சில் ஏற்றிக்கொண்டார்.

டாக்டர் நடுவயதுக்காரர். அதிகம் பேசமாட்டார். நாயின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சிவப்பாக இருக்க வேண்டும், ஆனால் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்துக் கிடந்தது. என்ன சாப்பிடுகிறது, மலம் என்ன நிறம், எத்தனை நாளாக என்று கேட்டார். மலம் கறுப்பாக, தார் போல இருந்ததைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். நாயிடமிருந்தே கொஞ்சம் எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"கொக்கிப்புழு. குடலைக் கடிச்சிக்கினு ரத்தம் குடிக்கிது. குட்டிக்குத்தான் அதிகம் வரும். வயசான நாய்க்கும் உடம்பு தளர்ந்தா ஏறிடும். எங்க படுக்குது?"

கேன்டீனுக்குப் பின்னால், கழுவுகிற தண்ணீர் போய்த் தேங்கும் ஈர மண்ணில் என்று சொன்னேன். வெயிலுக்குச் சில்லென்று இருக்கும், அதனால் பகலெல்லாம் அங்கேதான் கிடக்கும். டாக்டர் தலையை ஆட்டினார். அந்த ஈர மண்ணில்தான் புழு உயிரோடு இருக்குமாம். மலத்தோடு முட்டை வெளியே வந்து, மண்ணில் குஞ்சு பொரித்து, பாதம் வழியாகவே மறுபடி உடம்புக்குள் ஏறிவிடுமாம். வெறுங்காலோடு நடக்கிற மனிதர்களையும் அது விடாதாம். நான் சட்டென்று என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

மாத்திரை கொடுத்தார். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும், காலையில் மாத்திரை கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் கஞ்சி மட்டும் கொடுக்க வேண்டும் என்றார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை கொடுத்தால்தான் மிச்சமுள்ள புழுவும் போகும் என்றார். இடத்தை மாற்றச் சொன்னார். கேட்பதற்கு எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நாய் பிழைத்துவிட்ட மாதிரியே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் நின்று, நாய்க்கு வயிற்றில் புழு, நாளைக்கு மருந்து கொடுக்கப் போகிறோம், யாரும் எதுவும் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் வாயைத் திறந்து பிடிக்க, நான் மாத்திரையை நாக்கின் கடைசியில் வைத்து விழுங்க வைத்தேன். அது கடிக்கவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பது போல் என்னைப் பார்த்தது. தடவிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அதற்கு அடுத்த நாள் நான் வரும்போது, வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததைத் தவிர அவர் கேட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, மிசே எழுந்திரிக்கல," என்றார்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் வாந்தி, பின்பக்கம் ரத்தம் கலந்த பேதி. காலைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அப்போது ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர்களில் ஒருவர், இளவட்டம், அழுதுவிடுவார் போல நின்றார். அவரையே நாயைத் தூக்கச் சொன்னேன். வாட்ச்மேனோடு நாங்கள் மூன்று பேரும் ஒரே ரிக்‌ஷாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு மூச்சுவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பார்த்த உடனே குளுகோஸ் ஏற்றினார். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு திரும்பி, நான் கொடுத்த மாத்திரைக்கு இவ்வளவு ஆகாதே, வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். வேறு எதுவும் கொடுக்கவில்லை சார் என்று அடித்துச் சொன்னேன்.

ராத்திரி ஷிஃப்ட் தம்பி மெதுவாக வாயைத் திறந்தார். "நான் கொஞ்சம் குடுத்தேன் சார். எங்க பாப்பாவுக்கு வாங்கின பூச்சி மருந்து, சிரப்பு. நேத்து விடியக்காலைல. வெறும் வயித்துல குடுத்தா தாங்காதுன்னு பாலும் பொறையும் ஊட்டிவிட்டேன்."

நான் மாத்திரை கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அது. அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு மாலை ஷிஃப்ட் பிட்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் டாக்டர், "நீ இன்னா குடுத்த?" என்றார். அவர் திருதிருவென்று விழித்தார். முந்தின நாள் வேலைக்கு வந்தவுடன் குப்பைமேனி சாற்றில் கொட்டைப்பாக்குப் பொடி கலந்து ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறார். அவர்கள் ஊரில் பூச்சிக்கு அதுதான் கைகண்ட மருந்தாம்.

ஆக, ஒரே நாளில் மூன்று மருந்து, நடுவில் பாலும் பொறையும். நல்ல திடமான நாய்க்கே தாங்காது. இதுவோ ரத்தம் செத்த கிழ நாய். மருந்து கொடுத்தவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நான் யாரும் சாப்பாடு போடாதீர்கள் என்றுதான் சொன்னேனாம், மருந்து கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லையாம். பிட்டர் இதைச் சொன்னபோது அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டாக்டர் முந்திக்கொண்டார்.

"இந்த நாய்க்கு எத்தினி பேர்தான்யா சொந்தக்காரன்? இது புழுவால சாவாது. உங்க பாசத்தாலதான் சாவப்போவுது. ஒருத்தர் கையில குடுங்க. இல்ல, இனிமே இங்க தூக்கிக்கினு வராதீங்க."

வாட்ச்மேன் தலையைக் குனிந்து, "மெர்சி, மிசே," என்றார். திட்டினவருக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அன்றைக்கு மதியம் தாண்டித்தான் நாய் கண்ணைத் திறந்து வாலை லேசாக ஆட்டியது. அந்த வால் தரையில் ஒருமுறை தட்டிய சத்தம் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்து கொடுத்த மற்ற இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் அதே கதைதான்.

பிழைத்தது என்னவோ உண்மை. ஆனால் புழு முழுதாகப் போகவில்லை. உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு மறுபடி மாத்திரை கொடுக்க வேண்டும், அந்த முறை தப்பு நடந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதுவரை கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த ஈரல், ரத்தம் ஊறுவதற்கு ஒரு டானிக். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கேட் பக்கத்தில் வாட்ச்மேன் உட்காருகிற கொட்டகையில், காய்ந்த சிமென்ட் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு கொட்டினோம். தண்ணீர் தேங்காமல் பிட்டரே வாய்க்கால் வெட்டினார். செய்த தப்புக்கு அவர் தானாகவே எடுத்துக்கொண்ட வேலை அது.

எல்லாம் செய்தோம். ஆனால் வாயைக் கட்டுவதுதான் முடியவில்லை. நாயின் வாயை அல்ல, எங்கள் ஆட்களின் கையை. ஷிஃப்ட் மாறும்போது நூற்றுக்கணக்கில் ஆட்கள் போவார்கள், வருவார்கள். நான் எவ்வளவுதான் கத்தினாலும் சங்குச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்டவர்களும், ஐயோ பாவம், ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ஒருநாள் எங்கள் பகுதி மேஸ்திரியே, போற காலம் வந்துவிட்டது என்று சொன்ன அதே மனிதர், தூக்கைத் திறந்து வஞ்சிர மீன் தலையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்ததை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். போகிற உயிர் வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். போகட்டுமா என்று கேட்டு மீன் தலையைத் திரும்ப அவர் தூக்கிலேயே போட்டேன். மேஸ்திரியிடம் அப்படிப் பேசியதற்கு அந்த வாரம் முழுவதும் எனக்கு நூல் அறுகிற மெஷினாகப் பார்த்துக் கொடுத்தார்.

அந்த மெஷினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்களுக்கு அடுத்த வரிசையில் ஒரு மெஷின் பழுதாகி நின்றிருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. எங்கள் மில்லில் அது ஒரு சட்டம். பழுது பார்க்கிற மெஷினில் பிட்டர் சிவப்புத் துணி கட்டிவிட்டால் அதை யாரும் தொடமாட்டார்கள். அவர் வேலை முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டாலும், அடுத்த ஷிஃப்ட், அதற்கடுத்த ஷிஃப்ட் என்று எத்தனை பேர் வந்து போனாலும், அது அப்படியே இருக்கும். கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும். தெரியாமல் ஒருவர் மெஷினை ஓட்டினால், உள்ளே கையை விட்டிருக்கிற இன்னொருவரின் விரல் போய்விடும். அதனால் மேனேஜர் வந்து சொன்னாலும் சிவப்புத் துணி கட்டிய மெஷினில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதன்மேல் சாய்ந்து நிற்கக்கூட மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் நேராகப் பிட்டரிடம் போய், உங்கள் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத் துணி கொடுங்கள் என்றேன்.

"எந்த மெஷினுக்கு?" என்றார்.

"கேட்டுல படுத்திருக்குற மெஷினுக்கு. அதுவும் ரிப்பேர்லதான இருக்குது?"

அவர் பெட்டியைத் திறந்தார். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத துணியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். "கட்டினவங்கதான் அவுக்கணும். ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

மணியின் கழுத்தில் அதைக் கட்டினேன். அது ஒன்றும் புரியாமல் துணியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சும்மா ஓரமாக நின்று பார்த்தேன்.

மாலை ஷிஃப்ட் ஆட்கள் தூக்கும் கையுமாக வந்தார்கள். ஒருவர் வழக்கம்போல் குனிந்தார். துணியைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று வாட்ச்மேனிடம் கேட்டார். வாட்ச்மேன் என்னைக் காட்டினார். அவர் தூக்கோடு உள்ளே போய்விட்டார். அடுத்தவரும் அப்படித்தான். ஒரு பெண் மட்டும் சிரித்துவிட்டாள், ஆனால் அவளும் கையை நீட்டவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியபோது கேட்காத கூட்டம், ஒரு முழத் துணிக்கு அடங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

காலையில் போனதும் முதல் வேலையாக ராத்திரி ஷிஃப்ட் தம்பியைப் பிடித்துக் கேட்டேன். "சிவப்பு கட்டிக் கிடந்துச்சேக்கா, எப்படித் தொடுவோம்?" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் நான் கஞ்சி கொண்டுவருவேன். நான் இல்லாத நேரத்தில் வாட்ச்மேன் வேளைக்குக் கொஞ்சம் ஊட்டுவார். வேறு யார் கையும் படாது. யாராவது ஈரல் வாங்கி வந்தால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பகுதி மேஸ்திரியும் ஒருநாள் கொடுத்துவிட்டுப் போனாராம், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு. வாட்ச்மேன் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார்.

மறுபடி மாத்திரை கொடுக்கிற நாள் வந்தது. வயிறு காலி. மில்லில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், ஒருவர்கூட அருகில் வரவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு மெஷினில் மனசே இல்லை. போன தடவை பட்ட பாடு கண் முன்னாலேயே நின்றது. இடைவேளையில் ஓடி வந்து பார்த்தேன். நாய் கொட்டகையை விட்டு வெளியே வந்து வெயிலில் படுத்திருந்தது. வாட்ச்மேன் ஒரு குச்சியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தார். புழு விழுந்ததைக் காட்டினார். பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அதைவிட நல்ல காட்சி எனக்கு வேறு இல்லை. சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

அதன்பிறகு நாளுக்கு நாள் தேறியது. டாக்டர் போலவே நானும் மேலுதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். வெளுத்துக் கிடந்த ஈறு மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்தது. கஞ்சிப் பாத்திரத்தை நக்கிச் சுத்தமாக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று பார்த்தது. டாக்டரிடம் மறுபடி காட்டினோம். கருவியில் பார்த்துவிட்டு, முட்டை இல்லை என்றார். பிறகு நாயின் கழுத்தைக் காட்டி, இது என்ன கயிறு, வேண்டுதலா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனாலும் நான் துணியை உடனே அவிழ்க்கவில்லை. ஒன்றுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாள் வேலை முடிகிற நேரம். சங்கு ஊதுவதற்கு முன்னால் மணி தானாக எழுந்தது. உடம்பை உதறியது. நடந்துபோய்க் கேட் ஓரத்தில், பழைய இடத்தில் நின்றது. சங்கு ஊதி மாலை ஷிஃப்ட் உள்ளே வரத் தொடங்கியதும், முதலில் வந்தவருடைய தூக்கில் மூக்கை வைத்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். அழுக்கேறி இறுகிப் போயிருந்ததால் பல்லால்தான் இழுக்க வேண்டியிருந்தது. துணி கையோடு வந்ததும் பின்னால் பிட்டரின் குரல் கேட்டது.

"மெஷின் ஓடுதுடா," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். துணியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. யார் என்ன கொடுப்பதாக இருந்தாலும் கொட்டகையில் வைத்திருக்கிற தட்டில்தான் போட வேண்டும், வாட்ச்மேன் பார்த்துத்தான் வைப்பார். தின்றதா இல்லையா என்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அதற்குப் பிறகும் சில வருஷம் மணி எங்களோடு இருந்தது. ஒரு நாள் மத்தியான வெயிலில் தூங்கினது எழுந்திருக்கவில்லை. நோய் நொடி இல்லை, வயசுதான். மில் சுவர் ஓரத்தில் புதைத்தோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நல்ல முற்றிய காமாலை. டாக்டர் மருந்து கொடுத்து, எண்ணெய் இல்லாத சாப்பாடு, முழு ஓய்வு என்று சொல்லி அனுப்பினார். சொந்தக்காரர்களும் மில் ஆட்களும் பார்க்க வந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நாத்தனார் ஒரு பச்சிலைச் சாறு, அடுத்த வீட்டு அக்கா இன்னொரு சூரணம், உழவர்கரையிலிருந்து என் அத்தை வேறொரு வைத்தியர் கொடுத்த பொட்டலம். எதை வேண்டாம் என்றாலும் மனசு கஷ்டப்படும் என்று ஒவ்வொன்றையும் குடித்தேன். ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள், படுத்த பிறகு எனக்கே வாய் எழவில்லை. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. நாளாக நாளாக எழுந்து உட்காரக்கூட முடியாமல் போனது.

வாட்ச்மேன் வேலையிலிருந்து நின்று சில வருஷம் ஆகியிருந்தது. எப்படியோ கேள்விப்பட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலைமாட்டில் வரிசையாக இருந்த கிண்ணங்களையும் டம்ளர்களையும் பார்த்தார்.

"இதுல டாக்டரு குடுத்தது எது?" என்றார்.

நான் மாத்திரை உறையைக் காட்டினேன். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு துணியை எடுத்தார். வெளுத்துப்போன சிவப்பு. ஒரு மூலையில் என் பல் பட்டுக் கிழிந்த இடம் அப்படியே இருந்தது. எழுந்து, குனிய முடியாமல் குனிந்து, என் கட்டில் காலில் அதைக் கட்டினார். என் கணவரைக் கூப்பிட்டு, "நீ ஒருத்தன்தான் குடுக்கணும். மாத்திரையும் கஞ்சியும். அவ்வளவுதான்," என்றார். வாசலில் நின்றிருந்த எல்லோரும் மில் குடும்பத்து ஆட்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனாரே வந்து கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் என் நெற்றியில் கையை வைத்து, "அலே, அலே, மெஷின் ஓடும்," என்றார். கிளம்பு, நட என்று சொல்ல அவருக்கு வருகிற பிரெஞ்சு அது.

நான் தேறி எழுந்து, நானே தண்ணீர் பிடித்து வைக்கிற அளவுக்கு வந்த பிறகும் கட்டில் காலில் அந்தத் துணி இருந்தது. வீட்டில் யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. ஒரு நாள் அவரே வந்து, நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அவிழ்த்துக்கொண்டு போனார். இன்றைக்கும் யாராவது படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனால், என்ன கொண்டுபோகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தக் கட்டிலில் துணி கட்ட ஒரு ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன். இல்லையென்றால் அந்த ஆளாக நானே இருந்துவிடுகிறேன்.